காத்தாடி முழுவேகத்தில் சுற்றிய மத்தியானம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படியேறியவள் நான். அந்தப் பெருமையை இன்றும் குறைத்துக்கொள்வதாக இல்லை. ஆனால் படித்து வாங்கிய வேலையை அம்மாவுக்கு விளங்கவைக்க முடியவில்லை.

மாநிலம் முழுவதும் உள்ள சிறுதொழில் செய்வோரின் கூட்டமைப்பு அது. நாமக்கல் கிளையில் எனக்கு வேலை. உறுப்பினர்களின் குறைகளைத் திரட்டி அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

"எதை விக்கறீங்க சாமி?"

"எதையும் விக்கலம்மா. மத்தவங்களுக்காகக் கேக்கறோம்."

"கேக்கறதுக்குச் சம்பளமா? உங்கப்பாகிட்ட நான் சும்மாவேதான கேட்டுக்கிட்டிருக்கறேன்!"

அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். மத்தியானம் தெருவிலுள்ள எல்லாப் பட்டறைகளும் ஓடும்போது வோல்ட்டேஜ் இறங்கிவிடும், வெல்டிங் பிடிக்காது. வேலை நின்றால் அப்பாவின் கூலியும் நிற்கும். தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டோம். நேரில் பார்க்க மின்வாரிய அதிகாரி ஒருவர் சம்மதித்தார். அப்பாவின் பட்டறைக்கே அழைத்துவருவதாக முந்திக்கொண்டவள் நான். (அப்பா முன்னால் கெத்துக் காட்டும் ஆசைதான், வேறென்ன?)

பட்டறை முதலாளி செல்லமுத்து அண்ணனிடம் போனில், "அதிகாரி வர்றாருங்கண்ணா, நல்லபடியாப் பாத்துக்கோங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாது; அவரிடம் எதைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்க வேண்டும்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். தலைக்கு மேல் காத்தாடி (எங்கள் ஊரில் மின்விசிறிக்கு அதுதான் பெயர்) முழுவேகத்தில் சுற்றியது. கையில் இளநீர். அப்பா வெல்டிங் வைத்துக் காட்டினார். பொறி பூவாய்க் கொட்டியது.

"நல்லாத்தானே பிடிக்குது? ஏதாவது குறை இருக்கா?" அதிகாரி முதலாளியைக் கேட்டார்.

டீக்கடையில் தினமும் மின்வாரியத்தைத் திட்டித் தீர்க்கும் செல்லமுத்து அண்ணன் கைகூப்பினார். "நீங்க வந்ததே போதுங்க. கொறை ஒண்ணுமில்லீங்க."

கடையில் அவ்வளவு பேசுகிறவர்களுக்கு அதிகாரியைக் கண்டால் மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தத் திருப்தி? யோசித்தபோதுதான் கவனித்தேன்: தெருவில் சத்தமே இல்லை.

"ஏம்பா, மத்த பட்டறையெல்லாம் லீவா?"

அப்பா காதோடு சொன்னார். "எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிப்போட்டோம் சாமி. பெரிய மனுசன் வந்திருக்கறப்ப காத்தாடி மெல்லச் சுத்துனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அழுகை வராத குறை. "போய் எல்லாரையும் ஓட்டச் சொல்லுப்பா!"

காத்துக் கிடந்த பட்டறைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மெஷினைப் போட்டன. தெருமுனையில் 'டமார்' என்றது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கரும்புகை. காத்தாடி நின்றது. திடுக்கிட்ட அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் பாதி இளநீர்.

"பாத்தீங்களா சார், இதுதான் சார் குறை!" என்று கத்தினேன். (கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த சொற்பொழிவில் மிஞ்சியது அவ்வளவுதான்.)

செல்லமுத்து அண்ணன் அட்டை ஒன்றால் அதிகாரிக்கு விசிறியபடி, "ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, சாப்புட்டுத்தான் போகோணும்" என்றார். அதிகாரி சாப்பிடவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

எரிந்ததைச் சரிசெய்ய வழியில்லாமல், பெரியதாகவே ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது மத்தியானத்திலும் அப்பாவின் வெல்டிங் பிடிக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில், 'நேரடி விளக்கத்துக்குப் பின் கோரிக்கை நிறைவேறியது' என்று எழுதினேன். பொய்யில்லையே!

என் வேலை அம்மாவுக்கும் ஒருவழியாக விளங்கிவிட்டது. விசாரிக்கும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறாள்: "கேக்கற வேலைதானுங்க. மொதல்ல எரிச்சுப்போட்டு, அப்பறம் கேப்பா."