சிவப்பு நூல் கட்டிய கடுகுச் செடிகளும் என் மாமனாரும்

கடுகு ஆராய்ச்சிப் பண்ணைக் குடியிருப்பு,
பயானா பக்கம்,
ஜனவரி, நல்ல மூடுபனி.

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் ஓம்வீருக்கு உன் அக்கா புருஷன் நிஹால் சிங் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்கா விம்லேஷும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் உன் மனைவியும் எருமைகளும் சுகமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன, உன் அப்பாதான் இங்கே இருக்கிறாரே!

கைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அத்தான், லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு லைன் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உன் அப்பாவை அழைத்துக்கொண்டு போ. முட்டி வைத்தியம் முடிந்ததும் திரும்பிவிடுவார் என்று சொல்லித்தான் விட்டுப்போனாய். முட்டி குணமானதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். மனிதர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வந்த அன்றே, "பொண்ணக் குடுத்த வீட்டுல பச்சத் தண்ணிகூடத் தொடமாட்டேன், நம்ம வழக்கம் அது" என்றார். விம்லேஷ் அழுதாள், நான் கெஞ்சினேன். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பண்ணை அடிகுழாயில் தண்ணீர் குடித்தார், ஏனென்றால் அது சர்க்கார் தண்ணீர். மாவு உன் வீட்டு மூட்டையிலிருந்து வந்தது. தொட்டுக்கொள்ள வெங்காயம், அதுவும் உன் வீட்டிலிருந்துதான். இப்படியே ஓடியிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்?

என் வேலை உனக்குத் தெரியும். வெள்ளைத் துரு நோய் வந்து உன் வயலிலேயே கடுகுப் பூவெல்லாம் மான்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒரு காய்கூட இல்லாமல் போனதே, அதைத் தாங்குகிற ரகத்துக்காக எட்டு வருடமாக ஒட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நோயைத் தாங்குமா என்று தெரிய வேண்டுமானால் முதலில் நோய் வர வேண்டுமே. அதனால் வேண்டுமென்றே நாள் தள்ளி விதைத்து, நோய் சட்டென்று பிடிக்கிற நோஞ்சான் ரகத்தை நடுநடுவே வரிசையாக விட்டு, நோய் பிடித்த இலையைக் கரைத்து நானே எல்லாச் செடி மேலும் தெளிப்பேன். தெளிக்கிற நேரத்தில் வந்து நின்றார்.

"என்ன மருந்து மாப்பிள்ள அது?"

"மருந்து இல்ல மாமா. நோய்."

"நோயவா தெளிக்கிறீங்க?"

"ஆமா."

"இதுக்கா சர்க்கார் சம்பளம் குடுக்குது?"

ஒரு மணி நேரம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க வயல்ல நோய் வந்தப்ப உங்களத்தான் பிடிச்சிருக்கணும்" என்றார். பிறகு டீக்கடையில் போய், "என் மாப்பிள்ள கடுகுக்கு நோய் வளக்குறாரு, நல்ல கைராசி" என்று சொல்லியிருக்கிறார். இப்போது டீக்கடைக்காரன் என்னைப் பார்த்தால், "சார், இந்த வருஷம் நோய் நல்லா வந்திருக்கா?" என்கிறான். கடை நிறைய ஆள் சிரிக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் என் நோஞ்சான் வரிசையெல்லாம் தளதளவென்று நிற்கிறது! யாருக்கும் தெரியாமல் பூஞ்சை மருந்து அடித்திருக்கிறார். "பாவம், கேக்க ஆளில்லாம நின்னுச்சு, அதான்" என்றார். மறுபடி நோய் கரைத்தேன், மறுபடி தெளித்தேன். பனிமூட்டம் வேண்டும் என்று தினமும் காலையில் நான் வேண்ட, உன் அப்பா என் எதிரிலேயே சூரியனைப் பார்த்துக் கைகூப்பி உரக்க வெயில் கேட்பார். எப்படியோ என் வேண்டுதல் ஜெயித்தது. பனி இறங்கியது, நோய் வந்தது, வயல் முழுக்க இலைக்கு அடியில் வெள்ளைக் கொப்புளம். நான் துள்ளிக் குதித்தேன், அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தனை செடிக்கு நடுவே ஒரே வரிசையில் பதினோரு செடி மட்டும் ஒரு புள்ளிகூட இல்லாமல் நின்றன. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டினேன்.

மறுநாள் மதியம் விம்லேஷ் கடுகுக்கீரை மசித்து, சோள ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். அதிசயம், உன் அப்பாவும் என்னோடு உட்கார்ந்து கீரையைத் தொட்டுச் சாப்பிட்டார். "சர்க்கார் கீரைதான், தப்பில்ல" என்றார். நல்ல ருசி. நான் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"எங்க மாமா பறிச்சீங்க?"

"உங்க வயல்லதான். மத்ததெல்லாம் அம்ம போட்ட மாதிரி இருக்கு, எப்படித் திங்கிறது? சுத்தமா இருந்தது கொஞ்சம்தான். நல்லவேள, நீங்களே அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி வெச்சிருந்தீங்க."

எட்டு வருடம், ஓம்வீர்! வாயில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. உன் அக்கா என் முகத்தைப் பார்த்து, "என்ன, உப்பு கம்மியா?" என்கிறாள்.

எழுந்து வயலுக்குப் போய் அந்த மொட்டைத் தண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்தார். "எத்தன வருஷம் மாப்பிள்ள?" என்றார். சொன்னேன். அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை. சாக்குப்போக்கு வேண்டாம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எருமை நல்லபடி கன்று போடட்டும். வீட்டுப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல் என்று எழுத வந்தேன். அவர்தான் அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாரே.

இப்படிக்கு,
நிஹால் சிங்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள், நாங்கள் எழுந்திருக்கும் முன்பே, அந்த முட்டியோடு முதல் பஸ் பிடித்து உங்கள் ஊருக்கு வந்துவிட்டார். உனக்கே தெரிந்திருக்கும். விம்லேஷ் என்னோடு பேசுவதில்லை. கடிதம் பத்து நாளாய் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. இன்று காலை வயலுக்குப் போனேன். மொட்டைத் தண்டுகளில் பக்கக்கிளை வெடித்து, நுனியில் மொட்டு வைத்திருக்கிறது. சுற்றிலும் வெள்ளை வெள்ளையாய் நோய், இவற்றில் ஒரு புள்ளி இல்லை. காவல்காரனிடம் சொன்னேன், "சரிங்க சார்" என்றான். இதை வைத்து என்னோடு மல்லுக்கு நிற்க இங்கே ஆளே இல்லை. உன் அப்பா போனை எடுக்கமாட்டேன் என்கிறார். செடி சாகவில்லை என்று நீயே அவர் காதில் போடு. இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைக் கொண்டுவந்து விடு. சனிக்கிழமை பஸ் இருந்தால் சனிக்கிழமையே. பூ விரிவதற்குள் வேறு மகரந்தம் படாமல் ஒவ்வொன்றுக்கும் காகித உறை மாட்ட வேண்டும். பூவுக்கு மூச்சு முட்டும் என்று நிச்சயம் சண்டைக்கு வருவார். வரட்டும். அவர் வந்து திட்டாமல் நான் ஒரு உறையும் மாட்டுவதாக இல்லை.