துடக்கு அண்ணையின் சுடுதண்ணீர்

மொன்றியலில் இருக்கும் தமிழர்களில் பாதிப் பேரையாவது துடக்கு அண்ணை குளிக்க வார்த்திருப்பார். மீதிப் பேர் இன்னும் ஒரு செத்தவீட்டுக்கும் போகாதவர்கள். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் சென்ட் லோரன்ட் பக்கம் வந்து விசாரித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் தீட்டு என்பதை நாங்கள் துடக்கு என்போம். செத்தவீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஊரில் கிணறு வெளியே இருந்தது, பிரச்சினை இல்லை. இங்கே குளியலறை வீட்டின் கடைசியில் இருக்கிறது. மற்றவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரே ஓட்டமாக உள்ளே ஓடிப் போய்க் குளித்துவிட்டுச் சமாதானமாகி விடுவார்கள். அண்ணை சமாதானமாகிற ஆள் இல்லை.

"சாமிப் படத்தைத் தாண்டி, குசினியைத் தாண்டி, வீடு முழுக்கத் துடக்கைப் பரப்பிப்போட்டுப் பேந்து குளிச்சு என்ன பிரயோசனம்? அதுக்குக் குளிக்காமலே இருக்கலாமே!"

இத்தனைக்கும் அவர் பக்திமான் இல்லை. கோயிலுக்கு வருடத்தில் ஒரு தடவை, தேருக்குப் போவார். அதுவும் அன்னதானம் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் போவார். வெள்ளிக்கிழமைகளில் ஆட்டிறைச்சிக் கறி இல்லாவிட்டால் முகம் கறுத்துவிடும். உலகத்தில் அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் இந்தக் குளிப்பு ஒன்றுதான்.

அவரிடம் ஒரு பழைய மோட்டர் ஹோம் இருந்தது. கட்டில், அடுப்பு, குளிக்கிற இடம் எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வாகனம். நாங்கள் கரவன் என்போம். ரொக்கி மலை பார்க்கவென்று வாங்கினார். முதல் பயணத்தில் ஒன்ராறியோ எல்லையைத் தாண்டுமுன்பே யாரோ செத்துப்போன செய்தி வந்து, வண்டியைத் திருப்பினார். செத்தவீடு முடிந்து வந்து வீட்டு வாசலில் நின்றபோதுதான், முன்னால் நிற்கும் கரவனுக்குள் சுடுதண்ணீரும் ஷவரும் இருப்பது அவருக்கு உறைத்தது. அன்றோடு ரொக்கி மலை கைவிடப்பட்டது.

அதன் பிறகு எந்தச் செத்தவீடு முடிந்தாலும் சனம் நேரே அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். துவாயும் மாற்று உடுப்பும் காரிலேயே இருக்கும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. கரவனின் தொட்டி சிறியது என்பதால் அண்ணை வெளியே நின்று தகரத்தில் தட்டிக்கொண்டே இருப்பார்.

"சவுக்காரம் போடேக்கை தண்ணியைப் பூட்டு!"

"பூட்டிப்போட்டன் அண்ணை!"

"பொய் சொல்லாதை, பம்ப் ஓடுறது எனக்குக் கேக்குது!"

பக்கத்து வீட்டு மதாம் கொஞ்ச நாள் யன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் வெளியே வந்து, "இது ஸ்பாவா, மிஸ்யூ?" என்று கேட்டார். "வீ மதாம், ஸ்பா தமூல்" என்றார் அண்ணை. ஓம், தமிழ் ஸ்பா என்று அர்த்தம். வாகனத்துக்குள் ஆட்கள் குடியிருப்பதாக யாரோ முறையிட்டு நகரசபையிலிருந்தும் ஒருவர் வந்தார். "இஞ்சை ஒருத்தரும் குடியில்லை. வருவினம், குளிப்பினம், போவினம்" என்று அண்ணை தன்னுடைய பிரெஞ்சில் விளக்கினார். அந்தப் பிரெஞ்சைக் கேட்ட பிறகு வந்தவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

அண்ணையை எதிர்த்துக் கதைக்கிற ஒரே ஆள் பொன்னர். அண்ணை கீழ்வீட்டில் இருந்தார், பொன்னரும் மனைவியும் மேல்வீட்டில். வெளிப்படிக்கட்டில் ஏறிப் போக வேண்டும். அண்ணை, பொன்னர், நான் மூவரும் ஒரே வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கியவர்கள். "துடக்கு எண்டால் என்ன நிறமடா? ஒருக்காக் காட்டு பாப்பம்" என்று பொன்னர் கேட்பார். ஆனால் எந்தச் செத்தவீடானாலும் வரிசையில் முதலில் நிற்பவரும் அவர்தான். சுடுதண்ணீர் முடிந்துவிடும் என்ற பயம்.

கரவனுக்குக் குளிர் ஆகாது. குழாய்களுக்குள் தண்ணீர் நின்று உறைந்தால் குழாய் வெடிக்கும், பம்ப் போகும், சுடுதண்ணீர்த் தொட்டி பிளக்கும். அதனால் கரவன் வைத்திருக்கிறவர்கள் ஒக்டோபரிலேயே தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டு, உறையாத ஒரு ரோஸ் நிறத் திரவத்தைக் குழாய்களில் ஓட விட்டுப் பூட்டிவிடுவார்கள். அண்ணையும் வருடா வருடம் அப்படித்தான் செய்தார். மற்றவர்களைப் போல உள்ளே ஓடித்தான் குளிக்க வேண்டும் என்பதால், குளிர்காலத்தில் சாகிறவர்கள் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது உண்மை.

போன இலையுதிர்காலத்தில் பொன்னரைக் கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் கிடத்தினார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் ஒக்டோபர் முடிந்தும் அண்ணை தண்ணீரை இறக்கவில்லை. வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கரவனுக்குள் ஹீற்றர் போட்டார். குழாய்களுக்குப் பழைய கம்பளிகளைச் சுற்றினார்.

"வெடிக்கப் போகுதப்பா" என்றார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்பேன்.

"வெடிக்கட்டும்! உவர் விண்டரே எனக்கு நாள் குறிக்கிறது?"

ஒருநாள் நானும் அண்ணையும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொன்னர் மெலிந்து கிடந்தார். வாய் மட்டும் மெலியவில்லை.

"டேய், தண்ணி இறக்கிப்போட்டியோ?"

"இல்லை."

"ஏன்?"

அண்ணை யன்னலைப் பார்த்தார். பொன்னர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியே தம்பி, இவன் என்னைப் பாக்க வாறேல்லை. வெதரைப் பாத்துப்போட்டு, நான் இண்டைக்குப் போவனோ நாளைக்குப் போவனோ எண்டு பாக்க வாறான்."

"அப்பிடியில்லையடா."

"போய் இறக்கு. கரவன் வெடிச்சால் மற்றச் சனம் எங்கை குளிக்கிறது?"

"அப்ப நீ?"

"நான் ஏப்ரல் மட்டும் பொறுப்பன்."

"உண்மையாவோ?"

"வேலைக்கு ஒருநாளாவது பிந்தினனானோ? சொன்னால் சொன்னதுதான்."

அண்ணை யன்னலை விட்டுக் கிட்ட வந்தார். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சரி, இறக்கிறன். ஆனால் நீ எப்ப போனாலும் உன்ரை செத்தவீட்டுக்குச் சுடுதண்ணி இருக்கும். இது என்ரை சொல்லு."

"உறைஞ்ச பைப்பிலை சுடுதண்ணியோ? அதையும் பாப்பம்."

"நீ எப்பிடிப் பாப்பாய்?"

"ஓம், அதுவும் சரிதான்" என்றார் பொன்னர். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் நான் உதவிக்குப் போனேன். தொட்டித் தண்ணீரையும் சுடுதண்ணீரையும் இறக்கி, பம்பின் வாயை ரோஸ் திரவக் கலனுக்குள் விட்டாயிற்று. ஒவ்வொரு குழாயிலும் ரோஸ் வரும்வரை திறந்து வைக்க வேண்டும். நான் உள்ளே ஷவரடியில், அண்ணை வெளியே பம்படியில்.

"வருதோ?"

"வருது!"

"என்ன நிறம்?"

"தண்ணி நிறம்."

"அப்ப வரேல்லை! பொறு. இப்ப?"

"இப்ப வருது அண்ணை, என்ரை தலையிலை!"

ஷவரைத் தலைக்கு மேலே மாட்டி வைத்திருந்தது என் பிழை. வீட்டுக்குப் போன என்னை மகள் பார்த்துவிட்டு எங்கே கலியாணவீடு, பன்னீர் தெளித்தார்களோ என்று கேட்டாள். கரவன் குளிர்காலத்துக்குப் பூட்டப்பட்டது. பொன்னரின் சொல்லை நம்பித்தான் அண்ணை பூட்டினார்.

பொன்னர் ஜனவரியில் போய்விட்டார். மூச்சு விட்டால் மீசையில் உறைகிற ஒரு கிழமை அது. எனக்குச் செய்தி சொன்னதே அண்ணையின் திட்டுத்தான். "ஏப்ரல் எண்டவன்! ஏப்ரல் எண்டு வாயாலை சொன்னவன்!" என்று தொலைபேசியில் கத்தினார். என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. கடைசியில் குரலைத் தணித்து, "அவன் சொல்லுக்கு நிக்கேல்லை. நான் நிப்பன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அன்றைக்கே கரவனுக்குள் மூன்று ஹீற்றர்கள் ஏறின. அயல் வீடுகளில் தலைமயிர் உலர்த்துகிற மெசின் வைத்திருந்த பெண்களெல்லாம் அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அண்ணை பனியில் முதுகு படக் கிடந்து, கரவனின் அடிக் குழாய்களுக்குச் சூடு காட்டினார். "விசரா உங்களுக்கு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "ஓம்" என்று பதில் சொன்னார்.

பொன்னரைத் தகனம் செய்துவிட்டு நாங்கள் திரும்பியபோது வாசலில் தண்ணீர் பிடிக்கிற குழாய் இரும்பாக உறைந்திருந்தது. வாளியில்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். தண்ணீரோ வீட்டுக்குள் இருக்கிறது, நாங்களோ துடக்கு, உள்ளே போக முடியாது. அண்ணை இதை முதலே யோசித்து, தன் மகனைத் தகனத்துக்கு விடாமல் வீட்டிலேயே மறித்து வைத்திருந்தார். அவன் சுடுதண்ணீரை வாளியில் கொண்டுவந்து வாசற்படியில் வைப்பான், கையை எடுப்பான். பிறகு நாங்கள் தூக்குவோம். ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. அவன் தனியாகத் திணறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு மதாம், தன் வீட்டில் கொதிக்க வைத்த கேத்தலோடு வந்து சேர்ந்தார்.

"அவவும் தொடலாமோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"மதாம் செத்தவீட்டுக்கு வரேல்லை. உங்கள் எல்லாரிலும் அவதான் சுத்தம்" என்றார் அண்ணை.

தொட்டி நிரம்பியது. பம்பைப் போட்டதும் ஷவரில் ரோஸ் வந்தது. அது கழுவிப் போகும்வரை நல்ல தண்ணீரையும் சேர்த்து ஓட விட வேண்டியிருந்தது. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தது, ஆவி பறந்தது. முதலில் பொன்னரின் மனைவி குளித்தார். பிறகு பெண்கள், பிறகு ஆண்கள். இந்த முறை அண்ணை தகரத்தில் தட்டவில்லை. தண்ணீரைப் பூட்டு என்று யாருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் ஆறுதலாகக் குளித்தார்கள்.

கடைசியாக அண்ணை துவாயோடு ஏறிக் கதவைச் சாத்தினார். பம்ப் ஓடியது. ஓடிய சத்தம் சரியில்லை. தொட்டி வறண்டால் அது கரகரவென்று கத்தும், அங்கே குளித்த எவருக்கும் அது தெரியும். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கதவடிக்குப் போனேன். அக்கா வந்து என் கையைப் பிடித்தார். பம்பின் சத்தத்துக்கு அடியில் அண்ணை அழுவது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"தண்ணி முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் அவருக்குச் சொல்லாதேங்கோ" என்றார் அக்கா.

ஒருவரும் சொல்லவில்லை. மேலே ஏறப்போன பொன்னரின் மனைவியும் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். ஈரத் தலை குச்சி குச்சியாக விறைக்க, அண்ணை குளித்துவிட்டு வரும்வரை நாங்கள் எல்லோரும் வெளியிலேயே நின்றோம்.