லண்டனில் மகன், ஈப்போவில் பாரிஸ்டர்

பாரிஸ்டர்களில் இரண்டு இனம் உண்டு. லண்டனுக்குப் போய்ப் படித்துப் பாஸ் செய்து வருகிறவர் ஓர் இனம். அவரைப் பெற்றுக் கப்பலேற்றிவிட்டு, ஊரிலேயே பாரிஸ்டராகிவிடுகிறவர் இன்னோர் இனம். முதல் இனம் நம் மலாயாவில், இந்தப் பேராக்கில் அபூர்வம். இரண்டாவதை நீங்கள் ஈப்போவில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் பார்க்கலாம். கழுத்தை இறுக்கும் கறுப்புக் கோட்டோடு வியர்த்து வழிந்துகொண்டு, முதல் இலையில் உட்கார்ந்திருப்பார்.

நமது கதிரவேலு இந்த இனத்தில் தலைசிறந்தவர். ரயில்வேயில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். மகன் மயில்வாகனம் பினாங்கில் கப்பலேறும் வரை சட்டத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை. அன்று திறந்ததுதான், பிறகு மூடவில்லை.

"சட்டம் படிச்சால் என்ன வேலை, ஐயா?" என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் போதும். பாரிஸ்டராகலாம், மாஜிஸ்திரேட்டாகலாம், அரசாங்க வக்கீலாகலாம், கவர்னர் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லலாம். ஒன்றுக்கும் லாயக்கில்லை என்றால் நீதிபதியாகவாவது ஆகிவிடலாம்!

லண்டனில் பாரிஸ்டராவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. சட்டச் சங்க மண்டபத்தில் உட்கார்ந்து இத்தனை விருந்து சாப்பிட்டாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வேடிக்கையில்லை, நிஜம். இதைக் கேள்விப்பட்ட நாள் முதல் கதிரவேலு ஊரில் ஒரு விருந்தையும் விட்டதில்லை. சோற்றோடு சட்டமும் உள்ளே போகுமென்றால், அது லண்டன் சோறாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? சாம்பாருக்கு ஒரு சட்ட நுணுக்கம், ரசத்துக்கு ஒரு குறுக்கு விசாரணை, பாயசம் வருவதற்குள் தீர்ப்பு. எந்த வழக்கானாலும் அவருடைய மருந்து ஒன்றுதான்: "நிரூபிக்கச் சொல்லு!" பக்கத்து வீட்டுக் கோழி காணாமல் போனாலும் அதுதான், மாப்பிள்ளை காணாமல் போனாலும் அதுதான்.

"கையைக் கழுவுங்கோ, இலை காயுது" என்பார் மனைவி செல்லாச்சி. அது ஒன்றைத்தான் கதிரவேலு நிரூபிக்கச் சொன்னதில்லை.

மகன் பாஸ் செய்து வந்து சேர்ந்தான். வந்ததும் ஊருக்கு ஏமாற்றம். எதைக் கேட்டாலும், "புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேணும்" என்கிறான். இத்தனை வருஷம் படித்தவன் இன்னுமா பார்க்க வேண்டும்? அவன் அப்பா பார்க்காமலே சொல்கிறாரே!

அவனை வரவேற்று நடந்த விருந்துக்கு மாயாண்டி வந்தான். தோட்டத்து ரப்பரை ஈப்போ ஸ்டேஷனுக்கு ஏற்றி வரும் மாட்டு வண்டிக்காரன்.

"சாமி, விளக்கு இல்லாம ஓட்டினேன்னு போலீசு மாத்தா புடிச்சிட்டான். திங்கக்கெழமை கோர்ட்டு. லைசென்ஸ் போச்சுன்னா நானும் என் மாடும் பட்டினிதான்."

"விளக்கு எரிஞ்சதோ?" என்று கேட்டான் மயில்வாகனம்.

"மண்ணெண்ணெ தீந்து போச்சுங்க."

"அப்ப உள்ளதைச் சொல்லி ஒப்புக்கொள்ளுங்கோ. முதல் தடவை தானே, எச்சரிச்சு விட்டுடுவினம்."

பந்தி முழுவதும் கை நின்றது. இதைச் சொல்லவா லண்டனுக்குப் போனான்? மாயாண்டியின் முகம் விழுந்துவிட்டது. கதிரவேலு லட்டைக் கீழே வைத்தார். அவர் லட்டைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"விசர்க் கதை! இருட்டெண்டு ஆர் சொன்னது? இருட்டை நிரூபிக்கச் சொல்லு!"

பந்தி ஆரவாரித்தது. மாயாண்டி அவர் காலில் விழுந்தான்.

கோர்ட்டில் அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். "இருட்டுன்னு நிரூபிங்க, தொரை!"

மாஜிஸ்திரேட் துரை கோபிக்கவில்லை. சாவதானமாக, மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒன்றே ஒன்று கேட்டார்: "உன்னைப் பிடித்த போலீஸ்காரன் இங்கே நிற்கிறவன்தானா?"

மாயாண்டி பொய் பேசிப் பழகாதவன். "எப்பிடிங்க சொல்றது? மொகமே தெரியல. ஒரே இருட்டு."

லைசென்ஸ் போய்விட்டது.

பழி யார் தலையில் விழுந்தது என்கிறீர்கள்? மகன் தலையில்! "பாரிஸ்டர் ஊரிலேயே இருந்தும் ஒரு வண்டிக்காரனைக் காப்பாத்த முடியலையே" என்றார்கள். மயில்வாகனம் தெலுக் ஆன்சன் என்ற ஊருக்குப் போய், அப்பாவைத் தெரியாத ஒரு வக்கீலிடம் சேர்ந்துகொண்டான். மாயாண்டியோ, "பெரியவரு சரியாத்தான் சொன்னாரு, நான்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறான். மாட்டை விற்றாகிவிட்டது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கதிரவேலு அவனுக்காக அப்பீல் யோசித்துக்கொண்டிருக்கிறார், விருந்துக்கு விருந்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். 'முகமே தெரியல' என்று மாயாண்டி சொன்ன இடத்தில், அப்படிச் சொல்லாமல் வேறு மாதிரிச் சொல்லித் தப்பித்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு யோசனை தோன்றியதா, இல்லையா? தோன்றியிருந்தால், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், கொஞ்ச நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் போகாதீர்கள். மாயாண்டி இன்னும் யார் சொன்னாலும் கேட்கக்கூடியவன்.