என் மரணசாதனமும் நாற்பத்தெட்டுக் கதிரைகளும்

2023 ஒக்டோபர் 19, வியாழக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். கோப்பாயில் மெல்லிய தூறல். அப்போதுதான் என் மரணசாதனத்தில், அதாவது உயிலில், கையொப்பமிட்டேன். எழுபத்தெட்டு வயதில் ஒருவன் செய்யக்கூடிய புத்தியான காரியம் அது. அதை எவ்வளவு புத்தியில்லாமல் செய்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வீடும் ஏழு பரப்புக் காணியும் பேத்தி ஆதிரைக்கு என்பதில் குழப்பமில்லை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. அப்போது ஒன்பது வயது. எனக்குப் பிறகு அவளை யார் வளர்ப்பது என்பதுதான் என் கவலை.

"நீதிமன்றம்தான் முடிவெடுக்கும் மாஸ்டர். ஆனா உங்கடை விருப்பத்தை எழுதி வைச்சா அதையும் பாப்பினம்" என்றார் சாதனம் எழுதித் தரும் நொத்தாரிசு.

முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். ஆட்களுக்கும் புள்ளி போட்டேன். பன்னிரண்டு தலைப்புகள் (பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மீற்றர் என்பது உட்பட). கொக்குவிலில் இருக்கும் தம்பி மகன் சிவகுமாரனுக்கு எண்பத்தேழு: வங்கி வேலை, ஒழுங்கு, எதையும் உடனே செய்து முடிப்பான். பக்கத்து வளவில் தனியே இருக்கும் என் மனைவியின் தங்கை ஈஸ்வரிக்கு நாற்பத்தொன்று: மூன்று நாய், உரத்த தொலைக்காட்சி, அதைவிட உரத்த தொண்டை. சிவகுமாரனின் பெயரை எழுதினேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரகசியம் காக்கக் கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு (எங்கள் ஊரில் பகலில் கதவு பூட்டினால் அதுவே ஓர் அறிவித்தல்), நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் ஒப்பமிட்டேன். அவர்கள் போனதும் மறுபடி பூட்டி, காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். முதல் நாள் இரவு முழுக்க நித்திரையில்லை.

சாட்சி ஒருவர் மனைவியிடம் மட்டும் சொன்னாராம். மனைவி சங்கக்கடையில் மட்டும் சொன்னாராம். ஒருவர் மரணசாதனம் எழுதினால் அவருக்குக் கடுமை, இன்றோ நாளையோ என்பது ஊர்க்கணக்கு. பதினொரு பேர் வந்து கதவைத் தட்டியும் பதிலில்லை. செய்தி கேட்டு வந்த சிவகுமாரன் யன்னல் இடுக்கால் பார்த்தானாம், நான் அசையவில்லை. எதையும் உடனே செய்து முடிப்பவன் அல்லவா? கதவை உடைக்க முன்னமே செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார வாடகைக் கதிரை அனுப்பச் சொல்லிவிட்டான்.

ஒன்று ஐம்பதுக்கு எழும்பிக் கதவைத் திறந்தேன். முற்றம் நிறையக் கதிரைகள். ஐம்பது கேட்டானாம், நாற்பத்தெட்டுத்தான் வந்திருந்தன. (ஓம், எண்ணினேன்.)

அதே நேரம் ஆதிரை பள்ளிக்கூடத்தால் வந்தாள். கதிரைகளைப் பார்த்தாள், கதவடியில் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. படலையில் நின்ற சிவகுமாரன், "பிள்ளை, இஞ்சை வாங்கோ" என்று கையை நீட்டினான். அவனைக் கடந்து ஓடி, அகப்பையோடு வந்துகொண்டிருந்த ஈஸ்வரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சின்னம்மம்மா, நீங்களும் போயிடாதேங்கோ!"

"அழாதை குஞ்சு, நானிருக்கிறன்" என்ற ஈஸ்வரி, நிமிர்ந்து என்னைக் கண்டாள். "அத்தான்! சாகேல்லையெண்டா அதை நேரத்துக்குச் சொல்லப்படாதோ?"

பயந்தால் பிள்ளை யாரிடம் ஓடும்? பன்னிரண்டு தலைப்பில் அது இல்லை. பிள்ளையிடம் நான் கேட்கவும் இல்லை. அன்று பின்னேரம் கேட்டேன்.

"சின்னம்மம்மாவோடை இருப்பன்" என்றாள். "ஆனா நீங்கள் இப்ப சாகக்கூடாது."

சிவகுமாரன் கோபிக்கவில்லை. "பிள்ளையை ஈஸ்வரி மாமி பாக்கட்டும், பெரியப்பா. காணி அலுவலை நான் பாக்கிறன்" என்றான். அடுத்த கிழமை அப்படியே புதிதாக எழுதினோம்.

இன்றைக்கும் மத்தியானம் நான் படுக்கப் போனால் ஆதிரை கேட்பாள்: "அம்மப்பா, கதிரைக்குச் சொல்லட்டோ?"

இரண்டு சாதனம், கதிரை வாடகை, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நானே ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி, எல்லாமாக ரூபா 28,460.