கிழக்கே ஓர் அடி

இது நடந்த வருஷம் எண்பத்தேழா, எண்பத்தெட்டா என்று எனக்கு நிச்சயமில்லை. நானும் கத்தி எடுத்து மரம் வெட்டினேனா என்பதுகூடச் சில நாள் சந்தேகமாகிவிடுகிறது. சந்தேகம் வசதியாக இருப்பதால் நான் அதைத் தீர்த்துக்கொள்ளவில்லை.

கயானா கரையில் எங்கள் ஊருக்குப் பெயர் பெட்டர் லக். அதிர்ஷ்டம் பெயரோடு சரி. கடல் தென்னைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தது என் வீடு. அப்போதுதான் புரொஃபசர் மென்டிஸ் வந்தார். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை அங்கி, கையில் சங்கு. பன்னிரண்டு வருஷம் முன்பு, பன்னிரண்டு மைல் கிழக்கே, ஸ்மால் மெர்சி என்ற ஊரில் கடலைத் துரத்தியவராம். மினிபஸ் கூரையில் தொற்றிக்கொண்டு கூட்டம் வந்தது.

முறை எளிது. கரையில் நிற்கும் அலையாத்தி மரங்களை வெட்டிக் குச்சி சீவ வேண்டும். அவர் சங்கு ஊதித் தருவார். வீட்டெதிரே நட வேண்டும். காணிக்கை, காதில் கிடக்கும் தங்கம். தங்கம் இல்லாதவர்களின் ஆடும் தங்கமாகவே கருதப்பட்டது.

இரண்டே மாதத்தில் அலை அடங்கியது. சேறு ஏறிக் கரை வளர்ந்தது. ஊரே அழுதது. நானும்தான்.

இறால் பிடிக்கும் டூலாரி மட்டும் மரம் வெட்டவில்லை, குச்சியும் வாங்கவில்லை. தன் வீட்டெதிரே கிழிந்த ரப்பர் பூட்ஸ் ஒன்றைக் கவிழ்த்து நட்டிருந்தாள். அதைச் சுற்றியும் அதே சேறு.

"பூட்ஸுக்கு யாரு ஆன்ட்டி சங்கு ஊதினா?" என்றேன்.

"அமேசான் ஆறு கக்குற சேறு வாத்தியாரே. திட்டு திட்டா கரையோரமா மேற்கே நகருது, வருஷத்துக்கு ஒரு மைல். வந்த இடத்துல கரை வளரும், விட்டுட்டுப் போன இடத்தைக் கடல் தின்னும். இவன் வர்றதுக்கு முன்னாடியே, ஈஸ்டர் சமயத்துலயே என் வலையில சேறுதான். இவன் அதுக்கு முன்னாடி ஓடுறான், கல்யாண ஊர்வலத்துக்கு முன்னாடி ஓடுற நாய் மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை புரொஃபசர் நடத்திய கூட்டத்தில் டூலாரி எழுந்தாள்.

"புரொஃபசரே, இந்தச் சேத்தைக் கிழக்கே ஒரு அடி திருப்பி அனுப்புங்க. ஒரே அடி. என் படகை எழுதித் தர்றேன்."

"கடலைச் சோதிக்கக் கூடாது சகோதரி."

"கடலை யாரு சோதிச்சா? உங்களத்தான். சரி விடுங்க, ஸ்மால் மெர்சிக்குப் போவோம். நீங்க குடுத்த நிலத்தைக் கண்ணால பாத்துட்டு வருவோம்."

புரொஃபசருக்குத் திடீரென்று வயிற்றுவலி. அவரைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தோம், பக்தியோடுதான்.

ஸ்மால் மெர்சியில் அவருடைய குச்சிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. பள்ளிக்கூடச் சுவரில் அலை மோதியது. மரம் வெட்ட மறந்த ஒரு மூலையில் மட்டும், அலையாத்தி வேர்கள் பிடித்திருந்த நிலம் அப்படியே இருந்தது. ஒரு கிழவர் மென்டிஸை ஏற இறங்கப் பார்த்தார்.

"வந்துட்டியா ராசா? என் பொண்டாட்டி தோட்டைக் கொண்டாந்தியா?"



மென்டிஸ் எங்களோடு திரும்பவில்லை. வேறு பெயரில் மழை விற்பதாகக் கேள்வி. டூலாரி இறந்துவிட்டாள், அவள் கரையும் மரங்களும் நிற்கின்றன. நான் புது நிலத்தில் முளைத்த அலையாத்திக் கன்றுகளைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி போட்டேன். படித்தவன் அல்லவா. சேற்றுத்திட்டு தன் வழியே மேற்கே போனது. என் வீடு இருந்த இடத்தில் இப்போது இறால் கிடைக்கிறது. யோசிக்க விரும்புகிறவர்கள் அங்கே வந்து நின்று யோசிக்கலாம், இடுப்பளவு தண்ணீர்தான்.