மாடிப்படி தாண்டினால் வெளிநாடு

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் மூவரும் நலம். அங்கே நீயும் மாமாவும், மாமாவின் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் நீ ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், நான் எதற்கும் தலையாட்டிவிடுவேன். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்குக் கல்லூரியில் கடைசி செமஸ்டர் தொடங்கிவிட்டது. இது முடிந்ததும் நிலத்தடி நீர் பற்றி மேல்படிப்புப் படிக்க உன் ஊருக்கு வருகிறாள். இங்கே பூமிக்கு அடியில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். "இருக்குப்பா, எவ்வளவு இருக்குன்னு ஒழுங்கா அளக்கத்தான் ஆளில்ல" என்றாள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். "விடுதி எதுக்குடா, என் வீட்ல தங்கட்டும், ஏர்போர்ட்டுக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று நீ சொன்னாய் அல்லவா? கூடாது. நீயும் வரக் கூடாது, மாமாவையும் அனுப்பக் கூடாது. அவளே இறங்கி, அவளே பெட்டியைத் தேடி எடுத்து, அவளே பஸ் பிடித்து விடுதிக்குப் போக வேண்டும். இது என் முடிவு. நடந்ததை எல்லாம் கேட்டால் நீயும் சரி என்பாய்.

என் தொழில் உனக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் என் வலது கால் அதற்கே பழகிப்போய், வீட்டில் மகள் காய்கறி நறுக்கினால்கூடத் தானாகத் தரையை அழுத்தும். யாரோ ஒருவரையே ஒத்திகை இல்லாமல் மெயின் ரோட்டில் விடாதவன், பெற்ற பெண்ணை விடுவேனா? செமஸ்டர் தொடங்கிய அன்றே எங்கள் மாடி அறையை வெளிநாடு என்று அறிவித்தேன். ஒரு மாதம் அவள் அங்கே தனியாக இருக்க வேண்டும். அவளே சமைக்க வேண்டும், அவளே துவைக்க வேண்டும். கல்லூரிக்குப் போய் வரலாம், ஆனால் எங்கள் பக்கம் திரும்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். அறையில் உன் ஊர் நேரத்துக்கு ஒரு கடிகாரம் மாட்டினேன். மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன், குடியேற்ற அதிகாரியாக.

முதல் நாளே பக்கெட்டும் கையுமாகப் படியில் நின்றாள். "வந்த நோக்கம்?" என்று கேட்டேன். "குளிக்கணும்ப்பா, மேல தண்ணி வரல." "அப்பான்னு கூப்பிடாதே. நான் அதிகாரி." அந்த வழியாகப் போன உன் தம்பி பெண்டாட்டி, "அதிகாரிக்கு மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் ஆரம்பத்திலிருந்தே எதிர்க்கட்சி. பால்கனியிலிருந்து கயிறு கட்டிக் கூடை இறங்கியதையும், சமையலறை ஜன்னலருகே அது நின்றதையும், கனமாகி மேலே போனதையும் நானே கையும் களவுமாகப் பிடித்தேன். கடத்தல் என்றேன். "பெத்த பொண்ணுக்குச் சோறு போடறது கடத்தல்னா என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க, ஆனா ராத்திரிக்கு நீங்களே சமைச்சுக்கங்க" என்றாள். அந்த வழக்கை அத்தோடு தள்ளுபடி செய்தேன்.

அடுத்தது அந்தக் கடிகாரம். ஒரு நாள் அவள் கல்லூரிக்குப் போன பிறகு, அடுப்பை அணைத்தாளா என்று பார்க்க மேலே போனேன். அணைத்திருந்தாள். மறுபடி திறந்து அணைத்துப் பார்த்தேன். சுவரில் மணியைப் பார்த்தால் ஏகப்பட்ட நேரம் இருக்கிறது. நிம்மதியாக அவள் கட்டிலில் சாய்ந்துவிட்டேன். அது உன் ஊர் மணி என்பது உறைப்பதற்குள் காலை பாதி போய்விட்டது. அன்றைக்கு என்னிடம் படிக்கிற பல் டாக்டர் அம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். நான் மூச்சிரைக்க ஓடிப் போனால், அவர் வேறொரு பயிற்சிப் பள்ளிக் காரை இரவல் வாங்கி ஓட்டி, பாஸ் ஆகி, கூலாக நின்றுகொண்டிருக்கிறார். "நீங்க பக்கத்துல இல்லாததும் நல்லதாப் போச்சு சார், வண்டி நடுவுல நிக்கவே இல்ல" என்கிறார். வருத்தப்பட்டுச் சொல்லவில்லை அக்கா, நன்றி சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு முகம் விழுந்துபோச்சு.

தெருவில் வேறு பேச்சாகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சமாதானம் பேச வந்துவிட்டார். "பொண்ணை மாடியில அடைச்சு வச்சா எல்லாம் சரியாயிடுமா? பையன் யாரு, என்னன்னு விசாரிங்க." எந்தப் பையன் என்று நான் முழிக்க, "அதாங்க, அவ மனசுல இருக்கறவன்" என்றார். உன் தம்பி பெண்டாட்டி அலட்டிக்கொள்ளவே இல்லை. "அவ மனசுல இருக்கறது நிலத்தடி நீர்தாங்க" என்றாள். தையல்காரம்மா போகும்போது என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.

இதெல்லாம் சிரிப்பு. இனிமேல் சொல்வதுதான் விஷயம். ஒரு நாள் அவளுடைய பேராசிரியை எனக்குப் போன் பண்ணினார். "பொண்ணுக்கு இப்ப காய்ச்சல் விட்டுடுச்சா?" எந்தக் காய்ச்சல் என்று கேட்டேன். அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு மேலே ஓடினேன். ஓடும்போதுதான் உறைத்தது, கூடை சில நாளாக இறங்கவே இல்லை. அவள் அம்மாவும் நான் திட்டியதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே மகள் ஈரத் தலையோடு உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து, அவளே டாக்டரிடம் போய், அவளே மருந்து வாங்கி, கல்லூரிக்குத் தகவல் சொல்லி, தோழியிடம் விட்டுப்போன பாடத்தை வாங்கி, அதெல்லாம் முடிந்தே போச்சு. என் தலைக்கு நேர் மேலே அவள் நடுங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள், நான் கீழே கொட்டாவி விட்டுக்கொண்டு காவல் காத்திருக்கிறேன். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கத்தினேன். அவள் கோபமே படவில்லை. "அங்க இருந்தா மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாப்பா?" என்று கேட்டாள்.

அக்கா, அழுகைதான் வந்தது, அழுதேன், அதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. அழுது முடித்து முடிவெடுத்தேன். இவள் போவாள். தனியாகவே போவாள். ஒத்திகையில் பாஸாகிவிட்டாள், அதுவும் பக்கத்துப் பிரேக்கில் யார் காலும் இல்லாமல். இனி யாரும் இடையில் புகுந்து கெடுக்கக் கூடாது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன். விமான நிலையப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. பாத்திரத்தில் எதையும் அடைத்துக்கொண்டு விடுதி வாசலில் போய் நிற்காதே. அவளே கூப்பிட்டால் பேசு, நீயாகக் கூப்பிடாதே. நான் உறுதியாக இருக்கிறேன், நீயும் அப்படியே இரு.

மாமாவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு அதிகம் வேலை வைக்க வேண்டாம் என்று சொல். மூத்தவளாக நின்று எங்கள் மூவரையும் வாழ்த்து, குறிப்பாகப் படிக்கப் போகிறவளை.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் தம்பி

பின்குறிப்பு: ஒன்றை எழுத விட்டுப்போச்சு. இந்தக் கடிதத்தை மாடி அறையிலிருந்துதான் எழுதுகிறேன். "எனக்கு ஒத்திகை முடிஞ்சுதுப்பா, இனி உங்களுக்கு" என்று மகள் என்னை மேலே அனுப்பிவிட்டாள். நான் வண்டி ஓட்டப் போய் வரலாம், அவள் பக்கம் திரும்பக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். நேற்று மெதுவாகப் படியிறங்கினேன். என் நாற்காலியில் அவள். "வந்த நோக்கம்?" என்றாள். "பொண்ணைப் பார்க்கணும்" என்றேன். "அதுக்கெல்லாம் அனுமதி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். துப்பட்டாவால் எதையோ துடைத்தாள். நான் மேலே ஏறி வந்துவிட்டேன். என்னால் ஒரு மாதம் முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் முடித்துக் காட்டுவேன். அதனால் அக்கா, மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. விமான நிலையத்துக்குப் போ. அவள் கண்ணில் மட்டும் படாதே, ஏதாவது தூணுக்குப் பின்னால் நின்றுகொள். அவளே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரட்டும், அவளே பஸ்ஸைத் தேடட்டும், நீ உதவிக்குப் போகாதே. பஸ் கிளம்பியதும் எனக்குப் போன் பண்ணி, அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாளா என்று மட்டும் சொல்.