நூறாவது அடிக்குறிப்பு

ஆய்வேடு எழுதுகிறவர்கள் பேராசிரியருக்குப் பயப்படுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிங்கப்பூரில் நாங்கள் பயந்தது ரூலர் அண்ணனுக்குத்தான்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடை மாடியில் உட்கார்ந்து, ஆய்வேடுகளை லேடெக்கில் பக்கம் அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். கட்டளை எழுதினால் பக்கத்தைத் தானே அடுக்கித் தரும் மென்பொருள் அது. அண்ணன் அதை நம்பமாட்டார். பிளாஸ்டிக் ரூலரைத் திரைமேல் வைத்து, அடிக்குறிப்பு வரிகள் எல்லாம் ஒரே கோட்டில் தொடங்குகின்றனவா என்று பார்ப்பார். சொந்தப் பெயரைக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஒருமுறை செம்பவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வாசல் பதாகையில் மாப்பிள்ளை பெயர் ஒரு விரற்கடை தள்ளியிருக்கிறது என்று நாற்காலி போட்டு ஏறிவிட்டார். தாலி கட்டியதை நாங்கள் பார்த்தோம். அவர் பார்க்கவில்லை.

இப்பேர்ப்பட்டவரிடம் என் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அது பல்கலைக்கழகத்துக்குப் போயாகவேண்டும். தவறினால் அடுத்த செமஸ்டர்தான். கைக்கு வந்திருந்த விரிவுரையாளர் வேலையும் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் படியேறினேன்.

"எத்தனை ஃபுட்நோட் வச்சிருக்கீங்க தெரியுமா? நூத்தி மூணு!"

"அதனால என்ன அண்ணே?"

"நம்பருக்கு ரெண்டு டிஜிட் இடம் விட்டிருக்கேன். தொண்ணூத்தொம்பது வரைக்கும் எல்லாம் ஒரே கோட்டுல நிக்குது. நூறு வந்தா எழுத்தைத் தள்ளுது லா."

"மூணு டிஜிட்டுக்கு இடம் விடுங்களேன்."

"நாலு பேருக்காக மிச்ச பேரை எல்லாம் தள்ளி உக்காரச் சொல்றீங்களா? நாலை எடுங்க."

வாதாடினேன், கெஞ்சினேன், கடைசியில் கத்தியும் பார்த்தேன். ஃபைல் அவர் கணினியில் இருந்தது. வேறு வழியில்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்து இதை அதோடு சேர்த்து, அதை இதோடு சேர்த்து, நாலைக் குறைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆய்வேடு கொஞ்சம் தெளிவாகிவிட்டது.

அண்ணன் ஒரு தே, அதாவது டீ, வாங்கக் கீழே போனார். மேசையில் அவருடைய மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. காலையிலிருந்து என் குறிப்புகளோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார். என் கோபம் இறங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தேன்: 'பக்க அமைப்புக்கு ரூலர் அண்ணனுக்கு நன்றி.' தட்டி முடித்த பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். நூறு.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். ரூலரை வைத்துப் பக்கம் பக்கமாக இறங்கி, கடைசியில் நின்றார். மணி நாலு ஐம்பது.

"நூறு வந்துடுச்சே" என்றார் மெதுவாக.

"எடுத்துடட்டுமா அண்ணே?"

இன்னொரு தடவை படித்தார்.

"இருக்கட்டும் லா."

ரூலரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஃபைலை அனுப்பிவிட்டார்.

வேலை கிடைத்தது. அந்த ஆய்வேட்டை இன்று யாரும் திறப்பதில்லை. நான்தான் எப்போதாவது திறக்கிறேன். தொண்ணூற்றொன்பது குறிப்புகள் நூல் பிடித்தாற்போல் நிற்கின்றன. நூறாவது மட்டும் ஓர் இலக்கம் தள்ளி நிற்கிறது. எனக்கு அதில் பிடித்த பக்கம் அதுதான்.